சபை துக்கத்தில் இருக்கிறது

செனட்டர் அலோன்ஸோ ஹேக்கெட் வாழ்நாளில் எந்தக் காரியத்தையும் நேரத்துக்குச் செய்ததில்லை. சாவதை மட்டும் நேரம் பார்த்துச் செய்தார்.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு வாக்கெடுப்பு என்று வாஷிங்டன் முழுக்கத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முந்தின இரவு ஓட்டலில் தட்டுத் தட்டாக வறுத்த சிப்பி சாப்பிட்டு, அது உள்ளே இறங்க ஆமை சூப் குடித்து, அதுவும் இறங்க ஷாம்பெயின் குடித்திருந்தார். தேசத்துக்காக உழைத்த களைப்பில் இறந்தார் என்று டாக்டர் அறிவித்தார்.

வாக்கெடுப்பு ரயில் பெட்டிகளைப் பற்றியது. அந்த நாட்டில் அப்போதெல்லாம் ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு கோக்க, ஒரு மனிதன் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். எஞ்சின் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். அவன் இரும்பு வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிரே வரும் பெட்டியின் வாய்க்குள் விட்டு, மேலிருந்து முளையை இறக்கிவிட்டு, கையை எடுத்துக்கொள்ள வேண்டும். நேரம் இருந்தால் எடுத்துக்கொள்வான். தானாக மாட்டிக்கொள்ளும் கொக்கியை யாரோ கண்டுபிடித்து வெகு காலமாகிவிட்டது. எல்லாக் கம்பெனியும் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. ஹேக்கெட் தலைமை வகித்த குழுவுக்குள் போனது. உள்ளே போனதுதான் தெரியும்.

“ஒரு சுதந்திர அமெரிக்கன் தன் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சட்டம் போட இந்தச் சபைக்கு என்ன உரிமை?” என்று ஹேக்கெட் ஒருமுறை முழங்கியிருந்தார். ரயில் கம்பெனிகள் அந்தப் பேச்சை அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தன. பிடித்துப் படிக்க விரல் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

இந்த முறை தேர்தலில் வாக்குக் கொடுத்துவிட்டதால் மசோதா எப்படியோ வெளியே வந்துவிட்டது. அது நிறைவேறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்லி, ஹேக்கெட்டின் மாநிலத்தில் பெட்டி கோக்கும் பிரேக்மேன்கள் தங்கள் சங்கத்திலிருந்து ரூஃபஸ் டில் என்பவனை அனுப்பியிருந்தார்கள். ரூஃபஸுக்குப் பேச வராது. ஆனால் அவன் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் உண்டு. கேட்பவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

அவன் வந்ததற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. தம்பி ஜெத்ரோ. கார்ட்வெல் ஜங்ஷனில் அதே வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம், பெண்டாட்டி ஆல்மிரா நிறைமாதம். “நான் திரும்பி வர்றப்ப சட்டத்தோட வர்றேன்டா. அதுவரைக்கும் கையப் பத்திரமா வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுத்தான் ரூஃபஸ் ரயில் ஏறினான்.

பன்னிரண்டு மணிக்கு ரூஃபஸ் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தான். கீழே ஒரு மேஜை மேல் கறுப்புத் துணி போர்த்தி, ரோஜாக்களை வைத்திருந்தார்கள். அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டரான பிரெஸ்காட் லேங் எழுந்தார். கைக்குட்டையை எடுத்தார். ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

“மாண்புமிகு உறுப்பினர் அலோன்ஸோ ஹேக்கெட் அவர்களின் மறைவுச் செய்தியை இந்தச் சபை ஆழ்ந்த துயரத்துடன் கேட்டது. அன்னாரின் நினைவுக்கு மரியாதை செலுத்தும் பொருட்டு, நடந்துகொண்டிருக்கும் எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு, இந்தச் சபை இப்போதே கலைகிறது.”

“ஆம்” என்றார்கள் எல்லாரும். தலைவர் சுத்தியலால் தட்டினார். ரூஃபஸ் எழுந்து நிற்பதற்குள் கூடம் காலியாகிவிட்டது. அவன் வாசற்காவலரிடம் ஓடினான்.

“ஐயா, ஓட்டெடுப்பு எப்போ?”

“சபை துக்கத்துல இருக்குப்பா.”

“துக்கம் எப்போ தீரும்?”

“இன்னிக்குச் செய்தி சொல்ற துக்கம். நாளைக்கு உடம்ப இங்க கொண்டுவந்து வைக்கிற துக்கம். அப்புறம் தனி ரயில்ல சொந்த ஊருக்குக் கொண்டுபோற துக்கம். திரும்பி வந்ததும் இரங்கல் பேச்சு. அது நாலு நாளு. பேசினதையெல்லாம் தோல் அட்டை போட்டுப் புஸ்தகமா வேற அடிக்கணும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன, மார்ச் நாலாந்தேதி சபையே முடிஞ்சிடும். முடியாத மசோதாவெல்லாம் செத்த மசோதா. டிசம்பர்ல புது சபை வரும், முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். கவலப்படாதே, வாஷிங்டன்ல எதுவும் அவசரம் இல்ல.”

ரூஃபஸுக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை. எல்லாரும் கைக்குட்டையோடு இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மேஜர் வைனிங் அவனைப் பிடித்தார். சபையில் சாவுக் காரியங்களை நடத்திவைக்கும் அதிகாரி அவர். கையில் நிகழ்ச்சி நிரல். அதில் ‘உழைக்கும் மக்களின் கண்ணீர்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

“யோவ், நீ ஹேக்கெட் ஊர்ப் பக்கம்தானே? உழைக்கிறவன்தானே?”

“ஆமாங்க, ஆனா நான் வந்தது…”

“அழ வருமா?”

“இப்பவே வருதுங்க.”

“போதும். தனி ரயில்ல எங்களோட வா. சாப்பாடு உண்டு. சவப்பெட்டிக்குப் பின்னால தல குனிஞ்சு நடக்கணும், அவ்வளவுதான்.”

ரூஃபஸ் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் ரயிலில் பன்னிரண்டு செனட்டர்கள் வருகிறார்கள் என்று கேட்டதும் நின்றான். இரண்டு நாள் ஒரே ரயிலில் இருந்தால் ஒருவராவது காது கொடுக்க மாட்டாரா? நாலாந்தேதிக்கு முன்னால் ஒரு மணி நேரம் சபையைக் கூட்டினால் போதுமே. சரி என்றான்.

மேஜர் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“இதென்னய்யா அசிங்கம்? இந்தக் கையோட ஊர்வலத்துல வந்தா அழுகிற ஜனங்க பயந்துடும்.”

“இதக் காட்டத்தாங்க என்னை அனுப்பினாங்க.”

“இங்க துக்கத்தக் காட்டத்தான் அனுமதி.”

சவ அடக்கக் கடையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். ஆட்டுத்தோலில் செய்த கறுப்புக் கையுறை ஒரு ஜோடி வந்தது. வலது கையுறையின் நடுவில் உள்ள மூன்று விரல்களுக்குள் அந்த ஆள் பஞ்சை அடைத்து, குச்சியால் குத்தி, வளைவாக நீவிவிட்டு, ரூஃபஸின் கையில் மாட்டினான். ரூஃபஸ் பார்த்தான். அஞ்சு விரல். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அஞ்சு விரல். ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் கூடத்தில் சவப்பெட்டியை வைத்து அதே தீர்மானத்தை லேங் மறுபடி வாசித்தார். ரயில் நிலையத்தில் மூன்றாம் முறை வாசித்தார். ரூஃபஸுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

ரயிலில் ஐந்து பெட்டிகள். ஒன்றில் ஹேக்கெட். ஒன்றில் பூ. மிச்ச மூன்றிலும் துக்கம் அனுஷ்டிக்கும் செனட்டர்கள், பன்றித் தொடை, பனிக்கட்டியில் புதைத்த சிப்பி, விஸ்கிப் பெட்டிகள். ஊர் தாண்டுவதற்குள் சீட்டுக் கட்டு வெளியே வந்துவிட்டது. இடையிடையே ஒவ்வொருவராக எழுந்து, சபையில் பேசப்போகும் இரங்கல் உரையை ஒத்திகை பார்த்தார்கள். ரூஃபஸ் கதவோரம் நின்றுகொண்டு கேட்டான். ஹேக்கெட்டின் வாழ்க்கை வரலாறு அவனுக்கு முழுசாகக் கிடைத்தது.

முதலில் லேங்.

“மரக்குடிசையிலிருந்து வந்தவர் நம் ஹேக்கெட்! அந்தக் குடிசை இன்றும் இருக்கிறது, அவர் தந்தையாரின் மாடி வீட்டுக்குப் பின்புறம். அதைக் கட்டும்போது ஹேக்கெட்டே கூட நின்று ஒவ்வொரு கட்டையையும் தேர்ந்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. முதல் தேர்தலுக்கு இரண்டே வாரம் இருந்தது.”

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். அடுத்து கிழக்கு மாநிலத்துக் கிழவர் ஒருவர், தார்ன்பரி என்று பெயர், தள்ளாடி எழுந்தார்.

“உள்நாட்டுப் போர் வந்தது. தேசம் அழைத்தது. ஹேக்கெட் தயங்கினாரா? அன்றைக்கே தன் இடத்துக்குக் காசு கொடுத்து ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் களத்தில் விழுந்தான். ஹேக்கெட் தளர்ந்தாரா? இன்னோர் ஆளை அனுப்பினார்! தேசத்துக்காக இரண்டு முறை உயிர் கொடுத்தவர் இந்தச் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்? படைக்கு அவர் விற்ற பூட்ஸ் மழையில் கரைந்துவிட்டது என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். நான் கேட்கிறேன், மழைக்கு ஹேக்கெட்டா பொறுப்பு?”

தார்ன்பரிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் அவரை உட்காரவைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“மாநிலச் சட்டமன்றம் அவரை நான்கு முறை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அந்த உறுப்பினர்களை அவர் மறந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பதற்கு முந்தின ராத்திரி, ஒவ்வொருவர் அறைக்கும் தாமே நேரில் சென்று, தலையணைக்கு அடியில் தம் நன்றியை வைத்துவிட்டு வந்தார். நன்றியை முன்கூட்டியே செலுத்திய மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?”

பார்த்ததில்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ரூஃபஸ் மெல்ல லேங் பக்கத்தில் போய் நின்றான்.

“ஐயா, அந்தக் கொக்கி மசோதா… நாலாந்தேதிக்குள்ள ஒரு மணி நேரம் சபையக் கூட்டினா…”

“அடடே, பேசற நேரமாப்பா இது? பக்கத்துப் பெட்டில அந்த மகான் படுத்திருக்காரு.”

“அவரு இருபது வருஷமா அந்த மசோதா மேலதாங்க படுத்திருந்தாரு.”

லேங் கோபப்படவில்லை. தொழிலாளிகளிடம் கோபப்படக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர்கள் ஊர்வலத்துக்கு வேண்டியவர்கள்.

“இதோ பாரு, நானும் ரயில் யார்டு பார்த்தவன்தான், ஜன்னல் வழியா. அதுல என்ன இருக்கு? வளையத்தத் தூக்கணும், முளைய இறக்கணும். குழந்தகூடச் செய்யும். கையக் குடுக்கிறவன் ஒண்ணு அஜாக்கிரதக்காரன், இல்ல குடிகாரன்.” இதைச் சொல்லிக்கொண்டே தம் கிளாஸில் விஸ்கி ஊற்றினார். பாதி மேஜைமேல் ஊற்றினார்.

“நான் குடிக்கிறதில்லீங்க” என்றான் ரூஃபஸ்.

“உன் கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு” என்றார் லேங், கையுறையைப் பார்த்து.

கார்ட்வெல் ஜங்ஷனில் ரயில் நின்றபோது சாயங்காலம். ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டியது. அங்கே பெரிய லைன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கிளை லைன் எஞ்சினை மாட்ட வேண்டும். ரூஃபஸ் பிளாட்பாரத்தில் இறங்கினான். ஜெத்ரோ லாந்தரோடு ஓடி வந்தான்.

“அண்ணே! இதென்ன, மாப்பிள மாதிரி கையுறை? மசோதா என்னாச்சு?”

“ஒத்தி வெச்சுட்டாங்கடா.”

“எதுக்கு?”

“துக்கமாம். ஹேக்கெட் செத்துட்டான்.”

“தடுத்தவன்தானே செத்தான்? அப்போ சீக்கிரமில்ல நடக்கணும்?” ஜெத்ரோ சிரித்தான். அண்ணன் சிரிக்காததைப் பார்த்து அவன் தோளில் தட்டினான். “விடுண்ணே. இத்தன வருஷம் இருந்தாச்சு. வீட்டுக்கு வா, ஆல்மிரா உனக்காக ஆப்பிள் பை சுட்டு வெச்சிருக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. பையன் பொறந்தா உன் பேருதான், சொல்லிட்டா.”

எஞ்சின் ஓட்டும் கிழவர் எஸெக்கியல் தலையை வெளியே நீட்டி, பெட்டியின் வாய் தாழ்ந்திருக்கிறது என்று கத்தினார். செனட்டர்கள் வந்தது அலங்காரப் பெட்டி. அதன் இணைப்பு, எஞ்சினுடையதைவிட ஒரு சாண் கீழே இருந்தது. கொட்டகையிலிருந்து வளைந்த வளையம் கொண்டுவந்தால் நேராக மாட்டலாம். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணலும் போட வேண்டும். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று ஜெத்ரோ மேஜரிடம் சொன்னான்.

மேஜர் கடிகாரத்தைத் திறந்தார். “கவர்னர் காத்துக்கிட்டு இருக்காரு. பேண்டு வாத்தியம் காத்துக்கிட்டு இருக்கு. ஏழு மணிக்கு விருந்து. செத்தவர மழையில நிறுத்தி வெப்பியா? மரியாத தெரியாதா உனக்கு? இருக்கிறத வெச்சு மாட்டுய்யா!”

ஜன்னலிலிருந்து லேங்கும் குரல் கொடுத்தார். “என்னப்பா அங்க பேச்சு? மாட்டித் தொலைங்களேன்!”

ஜெத்ரோ அண்ணனைப் பார்த்தான். தோளைக் குலுக்கிக்கொண்டு நடுவில் இறங்கினான். எஞ்சின் பின்னால் வந்தது. ஐஸ் படிந்த தண்டவாளத்தில் சக்கரம் நிற்காமல் வழுக்கியது. வளையம் மாட்டாமல் மேலே ஏறிக்கொண்டது. ரூஃபஸ் “டேய், வெளிய வா!” என்று கத்தினான். இரும்போடு இரும்பு மோதியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம். ஆனால் அவனுக்கு நடந்தபோது கை மட்டும்தான் உள்ளே இருந்தது.

ஜெத்ரோவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ரூஃபஸ் தண்டவாளத்தில் உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். நிகழ்ச்சி நிரலில் இருந்த கண்ணீர் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

மேஜர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஐயையோ” என்றார். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பி, “சவப்பெட்டி ஆடுச்சா? பூவெல்லாம் கொட்டிடுச்சா?” என்று கேட்டார். கொட்டவில்லை என்று பதில் வந்ததும் தொப்பியை எடுத்துக் கும்பிட்டார்.

லேங் இறங்கி வந்தார். கொஞ்சம் தெளிந்திருந்தார்.

“ரொம்ப வருத்தமான விஷயம்ப்பா. அடுத்த ஆளக் கூப்பிடு.”

“இது என் தம்பிங்க.”

“புரியுது, புரியுது. ஆனா நிக்க முடியாதுல்ல? செத்தவன் ஒவ்வொருத்தனுக்கும் வேலைய நிறுத்தினா தேசம் எப்படிப்பா ஓடும்?”

ரூஃபஸ் ஜெத்ரோவின் தலையைக் கிதியன் என்ற இன்னொரு பிரேக்மேனின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தான். பிளாட்பாரத்தில் நின்ற மூட்டை வண்டிமேல் ஏறினான். பேச வராத ரூஃபஸ்தான். ஆனால் மூன்று முறை கேட்ட பேச்சு.

“ஜெத்ரோ டில்லின் மறைவுச் செய்தியை இந்த யார்டு ஆழ்ந்த துயரத்துடன் கேட்டது. அன்னாரின் நினைவுக்கு மரியாதை செலுத்தும் பொருட்டு, நடந்துகொண்டிருக்கும் எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு, இந்த யார்டு இப்போதே கலைகிறது.”

பிரேக்மேன்கள், தண்டவாளப் பாதை மாற்றுகிறவர்கள், கரி அள்ளுகிறவர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

“ஆமா” என்றான் கிதியன்.

“ஆமா” என்றது யார்டு.

“ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறேன்!” என்று லேங் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார்.

“நீங்க இந்தச் சபையில உறுப்பினர் இல்லீங்க” என்றான் ரூஃபஸ்.

மேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. “எத்தன நாளைக்குய்யா?”

“உங்க வழக்கப்படிதாங்க. இன்னிக்குச் செய்தி சொல்ற துக்கம். நாளைக்கு உடம்ப வீட்டுல வைக்கிற துக்கம். அப்புறம் ஆளாளுக்குப் பேசணும். எங்க ஆளுங்க மெதுவாத்தான் பேசுவாங்க.”

கொட்டகையின் கதவு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, அதன்மேல் ஜெத்ரோவைக் கிடத்தினார்கள். தூக்கிய நால்வரில் முழுக் கையோடு இருந்தவன் ஒருவன்தான்.

மேஜர் எஞ்சினுக்கு ஓடினார். எஸெக்கியல் நெருப்பைக் கிளறிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: “எஞ்சினப் பின்னால கொண்டு வர்றது என் வேலை. எத்தன தடவ வேணும்னாலும் கொண்டு வர்றேன். நடுவுல யாரு நிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

பன்னிரண்டு செனட்டர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளியைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். கீழே ஐஸ்மேல் ரத்தம் இன்னும் கரையவில்லை. மேஜர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். தார்ன்பரி, தம் இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்ப ஆள் இல்லை. யாரோ லேங்கின் பெயரைச் சொன்னார்கள். குழந்தைகூடச் செய்யும் என்று அவர்தானே சொன்னார்? லேங் தம் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் விட்டுக்கொண்டார்கள். சபை ஏகமனதாக இருந்தது.

தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களை ரூஃபஸ் நிற்கச் சொன்னான். திரும்பி வந்து லேங்குக்கு எதிரே நின்றான். வலது கையுறையைக் கழற்றினான். இரண்டு விரல் கை வெளியே வந்தது. லேங் அதை அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். ரூஃபஸ் விடவில்லை. நனைந்த கையுறையை அவர் கோட்டின் மேல்பையில், கைக்குட்டை இருந்த இடத்தில், பத்திரமாகச் செருகினான்.

“வெச்சுக்கங்க ஐயா. மாட்டி முடிச்சதும் போட்டுக்கங்க. பஞ்சு உள்ளேயே இருக்கு. அஞ்சு விரலும் இருக்கிற மாதிரியே தெரியும்.”